பவுண்டுக்கு அளந்த நியாயம்

காப்பிச் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி படிந்திருக்கும். தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும். சில வாரங்களில் அந்த இலை உதிரும். இலையில்லாத கொம்பு தன் பழத்தையே பழுக்க வைக்கத் திணறும். அடுத்த ஆண்டுக்கு வேண்டிய தளிரும் அதில் வராது. மீண்டும் மீண்டும் தாக்கினால் செடியே காய்ந்துபோகும். 1869இல் இலங்கையின் மடுல்சீமைப் பகுதியில் இந்தப் பொடியை முதலில் கவனித்தார்கள். இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட இலைகளை ஆராய்ந்த பெர்க்லி என்ற பூஞ்சை அறிஞர் இதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பெயரின் பிற்பாதிக்குப் பாழாக்குவது என்று பொருள். தமிழில் இலைத்துரு என்கிறோம்.

அப்போது இலங்கை ஆண்டுக்குச் சுமார் 10 கோடி பவுண்டு காப்பியை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. இருபது ஆண்டுக்குள் அது 50 லட்சம் பவுண்டு அளவுக்குச் சுருங்கியது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி மூடப்பட்டது. தோட்டத் துரைமார்கள் சின்கோனாவுக்கும் பிறகு தேயிலைக்கும் மாறினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வழிநெடுகிலும் காலராவுக்குத் தங்கள் உறவுகளைக் கொடுத்துவிட்டு மலையேறிய தமிழ்க் கூலிகளுக்கு மாறிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. பல தோட்டங்களில் கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. கங்காணியிடம் பட்ட கடன் மட்டும் நிலுவையில் நிற்கவில்லை. மலையகத்தில் அந்த நாட்களைக் கோப்பிக்காலம் என்பார்கள். வீட்டுக் கொல்லையில் நாலு காப்பிச் செடி வைத்திருந்த சிங்களக் குடியானவர்களும் அந்தத் துருவில்தான் தங்கள் கைக்காசை இழந்தார்கள். வரலாற்றில் அவர்களைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் இருப்பதில்லை.

இந்தப் பழைய கதையை நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. 143 ஆண்டு கழித்து, 2012இல், இதே பொடி மத்திய அமெரிக்காவின் மலைகளிலும் தெற்கு மெக்சிகோவிலும் கொள்ளை நோயாகப் பரவியது. இம்முறை அது இறங்கிய இடங்களில் பல, உலகம் சொன்ன நல்ல காரியங்கள் அத்தனையையும் செய்துமுடித்த சிறு விவசாயிகளின் நிலங்கள். ரசாயன உரம் போடாதவர்கள், நிழல் மரம் வெட்டாதவர்கள், கூட்டுறவாகச் சேர்ந்தவர்கள், நியாய வணிகச் சான்று பெற்றவர்கள். ஃபேர் டிரேட் என்று காப்பிப் பொட்டலங்களில் பார்க்கிறோமே, அந்த முத்திரைக்கு வித்திட்ட மண்ணே மெக்சிகோவின் வஹாகா மாநிலம்தான்.

அங்கே இஸ்துமோ பகுதியின் மலைகளில் சபோட்டெக் முதலிய பழங்குடி மக்கள் காப்பி வளர்க்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஹெக்டேர் இருந்தால் அதிகம். சாலை இல்லாத காலத்தில் பறித்த காப்பியைக் கழுதை முதுகில் ஏற்றிக் கொண்டுபோய்த் தரகரிடம் போடுவார்கள். தரகருக்கு அங்கே கொயோட்டே என்று பெயர். கொயோட்டே என்பது அந்த நாட்டு ஓநாய் இன விலங்கு. அவரிடமேதான் சோளமும் கடனும் வாங்கியாக வேண்டும். எடைக்கல்லும் அவருடையது, விலையும் அவருடையது. 1980களின் தொடக்கத்தில் ஊர்க் கூட்டங்களில் கணக்குப் போட்டுப் பார்த்த இந்த மக்கள், தரகரை விட்டுவிட்டுத் தாங்களே சேர்ந்து விற்பதென்று முடிவெடுத்தார்கள். 1983இல் உசிரி என்ற சங்கமாகப் பதிவு செய்தார்கள். அவர்களோடு இருந்தவர் பிரான்ஸ் வான் டர் ஹோஃப் என்ற டச்சுப் பாதிரியார். தானும் அங்கே காப்பி பயிரிட்டு, 2024இல் இறக்கும் வரை அவர்களோடு உறவை விடாதவர்.

வான் டர் ஹோஃபும் நெதர்லாந்தில் சொலிடாரிடாட் அமைப்பில் இருந்த நீகோ ரோசனும் சேர்ந்து, 1988 நவம்பரில் அந்த நாட்டுக் கடைகளில் ஒரு முத்திரையை அறிமுகம் செய்தார்கள். மாக்ஸ் ஹவேலார் என்பது அதன் பெயர். ஜாவா மக்களிடம் டச்சு அரசு வலுக்கட்டாயமாகக் காப்பி விளைவித்துப் பறித்த கொடுமையை 1860இல் தன் நாட்டாருக்கே எடுத்துச் சொன்ன ஒரு நாவலின் தலைப்பு அது. நன்கொடை வேண்டாம், விளைபொருளுக்கு நியாயமான விலை போதும் என்பதே வஹாகா விவசாயிகளின் கோரிக்கை. அந்தக் கோரிக்கையின் கண்ணியத்தை நான் இன்றும் மதிக்கிறேன். இனி நான் சொல்லப்போகும் எதுவும் அதைக் குறைப்பதற்காக அல்ல.

முத்திரை வந்த அடுத்த ஆண்டே அதன் அவசியம் விளங்கியது. 1962 முதல் சர்வதேச காப்பி ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது. விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் கூடி, யார் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு வைத்து, விலையை ஒரு வரம்புக்குள் நிறுத்தி வைத்திருந்தன. 1989 ஜூலையில் அந்தப் பங்கீடு முறிந்தது. சில மாதங்களில் விலை ஏறக்குறைய பாதியானது. காப்பியை வாங்கிவந்த மெக்சிகோ அரசு நிறுவனமும் அதே காலத்தில் கலைக்கப்பட்டது. 2001இல் உலகச் சந்தையில் ஒரு பவுண்டு அரபிகா 50 சென்ட்டுக்கும் கீழே போனது. பறிப்புக் கூலிக்குக் கட்டாது என்று பழத்தை மரத்திலேயே விட்டவர்கள் எத்தனையோ பேர். அப்போது நியாய வணிகத்தில் குறைந்தபட்ச விலை, சமூகப் பிரீமியத்தையும் சேர்த்து, 1.26 டாலர். இயற்கை முறையில் விளைந்ததற்கு மேலும் 15 சென்ட். அந்த விலைக்கு விற்க முடிந்த குடும்பங்கள் நிலத்தை விற்காமல் தப்பின. விலை என்ற பள்ளத்தின் மேல் போட்ட பலகை அது, ஆளைத் தாங்கியது.

ஆனால் அந்தப் பலகை ஒரே ஒரு ஆபத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. சந்தை விலை விழும் என்பதே அந்த ஆபத்து. விளைச்சலே விழும் என்பதற்கு அதில் இடமில்லை. நியாய வணிகத்தின் விலை, பிரீமியம், இயற்கை வேளாண்மைக்கான கூடுதல் தொகை, எல்லாமே பவுண்டுக்கு இவ்வளவு என்று கட்டப்பட்டவை. பவுண்டு இருந்தால் நியாயம் உண்டு. பவுண்டு இல்லையென்றால்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஹெக்டேர் நிழல்தோட்டத்தில், பழைய ரகங்களைக் கொண்டு, உரமில்லாமல் 600 கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 1,320 பவுண்டு. துரு பரவிய காலத்தில் நடப்பிலிருந்த குறைந்தபட்ச விலை 1.40 டாலர், இயற்கை முறைக்கு 30 சென்ட், ஆக 1.70 டாலர். மொத்தம் 2,244 டாலர். இது துறைமுகத்தில் கப்பலேற்றும் இடத்து விலை. தோலுரிப்பு, வண்டிக் கூலி, சான்றுக் கட்டணம், கடன் வட்டி எல்லாம் போக மீதிதான் குடும்பத்துக்கு. துரு பாதியைக் கொண்டுபோனால் 1,122 டாலர். சங்கத்துக்குப் போகும் 20 சென்ட் பிரீமியமும் 264லிருந்து 132 ஆகும். எந்த ஆண்டு பள்ளிக்கும் மருந்துக்கும் புது நாற்றுக்கும் பணம் அதிகம் வேண்டுமோ, அந்த ஆண்டு பாதிதான் வரும். தவறு எவருடையதும் இல்லை. முத்திரையின் விதி அட்சரம் பிசகாமல் பின்பற்றப்பட்டிருக்கும். வீட்டில் பாதி அடுப்புதான் எரியும்.

இதோடும் முடியவில்லை. அறுவடைக்கு முன்பே ஒப்பந்தத் தொகையில் 60 விழுக்காடு வரை முன்பணம் கேட்டுப் பெறலாம் என்பது நியாய வணிகத்தின் நல்ல விதிகளில் ஒன்று. தரகரின் கந்துவட்டியிலிருந்து மீட்ட விதி அது. விளைச்சல் பொய்த்தால் அதே முன்பணம் சங்கத்தின் தலையில் கடனாக நிற்கும். காப்பி வந்து சேராது, கெடு வந்து சேரும்.

துரு மெக்சிகோவுக்குப் புதிதில்லை, 1981லேயே வந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் அது தாழ்வான பகுதிகளில், பெரும்பாலும் தொல்லை என்ற அளவிலேயே இருந்தது. உயரத்தில் இரவுக் குளிர் அதைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது. குளிர் தளர்ந்ததும், மழை முறை மாறியதும், முன்பு தொடாத உயரங்களுக்கு அது ஏறியது. வெப்பம் மட்டுமே காரணமென்று சொன்னால் அது முழு உண்மையாகாது. விலை விழுந்த ஆண்டுகளில் விவசாயி கவாத்து செய்யவில்லை, கிழட்டுச் செடிகளை மாற்றவில்லை, எரு போடவில்லை. பட்டினி கிடந்த செடியை நோய் எளிதில் வென்றது. 2011இல் 3 டாலரைத் தொட்ட சந்தை விலை, 2013 முடிவில் 1.10 டாலருக்குப் பக்கத்தில் கிடந்தது. சந்தையும் வானிலையும் கைகோத்துக்கொண்டன. கோஸ்டாரிகா, குவாத்தமாலா, ஹோண்டுராஸ் ஆகிய நாடுகள் அவசரநிலை அறிவித்தன. அந்த ஒரு பருவத்தில் மத்திய அமெரிக்காவின் இழப்பு சுமார் 50 கோடி டாலர். மெக்சிகோவின் விளைச்சல் அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியானது.

துரு இல்லாத இடத்திலும் காப்பி விவசாயிக்கு மழை ஒரு புதிராகிவிட்டது. காப்பி மொட்டு ஒரு நல்ல மழைக்காகக் காத்திருந்து, எட்டு பத்து நாளில் மலை முழுக்க ஒன்றாகப் பூக்கும். மழை துண்டுதுண்டாகப் பெய்தால் பூவும் துண்டுதுண்டாக வரும். ஒரே கொம்பில் பூவும் காயும் பழமும் இருக்கும். நாலு முறை பறிக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டு முறை ஏற வேண்டும். கூலி இரட்டிக்கும். நம் சேர்வராயன் மலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் காப்பி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டிலும் அடுத்த ஆண்டு அதே மாதத்திலும் குடகு மலைச்சரிவுகள் சரிந்தபோது காப்பித் தோட்டங்கள் மண்ணோடு போனதை அவர்கள் பார்த்தார்கள்.

துரு வந்த தோட்டத்தில் நிற்கும் இயற்கை விவசாயியின் நிலை தனித் துயரம். பெரிய பண்ணையாளர் பூஞ்சைக்கொல்லி தெளிப்பார். இவர் அதைத் தெளித்தால் சான்று போகும். அதை மீட்க மூன்று ஆண்டு ஆகும். அனுமதிக்கப்பட்டது மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவை. அதையும் நோய் வருமுன், இலையின் அடிப்புறம் நனைய, பலமுறை அடிக்க வேண்டும். செங்குத்தான சரிவில் தண்ணீரை முதுகில் சுமந்து செல்பவருக்கு இது எவ்வளவு பாடு என்பது சான்றுப் படிவத்தில் வராது. துருவைத் தாங்கும் கலப்பு ரகங்கள் உண்டு. மரத்தை மாற்றலாம். ஹோண்டுராஸ் விவசாயிகள் லெம்பீரா என்ற ரகத்தை நம்பி மாற்றினார்கள். சில ஆண்டிலேயே துரு அதையும் துளைத்தது. பூஞ்சைக்கும் பரிணாமம் உண்டு.

இதை வைத்து இயற்கை வேளாண்மையே தோற்றது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி இந்தப் பூஞ்சையை ஆராய்ந்த மார்ஷல் வார்டு, காட்டை அழித்து மலைமலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதுதான் துருவுக்குப் பாதை போட்டது என்று அன்றே கண்டார். பல மரங்களுக்கு நடுவே காப்பி வளர்க்கும் வஹாகா விவசாயி அந்தத் தவற்றைச் செய்யாதவர். அவருடைய மண் சரியவில்லை, ஊற்று வற்றவில்லை. தோட்டத்து வாழையும் ஆரஞ்சும் பஞ்சத்தில் அவருக்குச் சோறு போட்டன. அவர் இழந்தது காப்பியை மட்டும்தான். ஆனால் கைக்காசு அந்தக் காப்பியில்தான் இருந்தது. இளைஞர்கள் வடக்கே அமெரிக்க எல்லையை நோக்கிப் போனதற்கு அது ஒரு காரணம். ஊரில் கவாத்துக் கத்தி முதியவர்கள் கையில் நிற்கிறது.

துரு ஓய்ந்த ஆண்டுகளிலும் ஆறுதல் இல்லை. 2019இல் சந்தை விலை மறுபடி ஒரு டாலருக்குக் கீழே இறங்கியது. 2021இல் பிரேசிலில் உறைபனி விழுந்தது, பிறகு வறட்சி. 1977இன் உச்சத்தை ஏற்கெனவே கடந்திருந்த விலை, 2025 பிப்ரவரியில் 4 டாலரைத் தாண்டியது. தொலைக்காட்சியில் இது காப்பி விவசாயிக்கு நல்ல காலம் என்றார்கள். விளைச்சல் இருந்தவருக்கு ஓரளவு நல்ல காலம்தான். ஆனால் முன்கூட்டியே விலை பேசிக் கையெழுத்திட்ட சங்கங்கள் திண்டாடின. வாசலில் கொயோட்டே ரொக்கத்தோடு நிற்கும்போது, பழைய விலைக்குச் சங்கத்தில் போடு என்று வறுமையில் இருக்கும் உறுப்பினரிடம் எப்படிச் சொல்வது? 1983இல் எந்தத் தரகரை விட்டு விலகினார்களோ, அவர் திரும்ப வந்து கூடுதல் விலை தருகிறார். விலை இறங்கிய மறுநாள் அவர் இருக்கமாட்டார்.

நியாய வணிகத்தின் குறைந்தபட்ச விலை 2011இல் 1.40 டாலர். அடுத்த உயர்வு 2023இல், 1.80 டாலர். பன்னிரண்டு ஆண்டு அது அசையவில்லை. அந்தப் பன்னிரண்டு ஆண்டில் துரு வந்தது, கூலி ஏறியது, நாற்றின் விலை ஏறியது. இந்தத் தாமதத்தை நான் குறையென்றே சொல்வேன். விலை ஏற்றினால் வாங்குபவர்கள் போய்விடுவார்கள் என்ற அச்சத்தில் காரணம் இல்லாமலில்லை. சான்று பெற்ற காப்பியில் பெரும்பகுதி இன்றும் முத்திரை விலைக்கு ஆளில்லாமல் சாதாரண விலைக்கே போகிறது. ஆனால் அந்த அச்சத்தின் செலவை விவசாயி கட்டினார்.

படிவங்கள் மட்டும் பெருகிக்கொண்டே போகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய இயற்கை வேளாண் விதிகள், குழுவாகச் சான்று பெறும் விவசாயிகள் ஒரு குழுவுக்கு 2,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்கின்றன. பெரிய சங்கங்கள் தங்களையே பிரித்துப் பதிய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு, தனித் தணிக்கை. காடழிப்பைத் தடுக்கும் அதன் விதி வேறு, ஒவ்வொரு நிலத்தின் இருப்பிடத்தையும் ஆயத்தொலைவுகளாகக் கேட்கிறது. நோக்கம் நல்லதே. காட்டை வெட்டாதவர், தான் வெட்டவில்லை என்று நிரூபிக்கும் செலவைத் தானே ஏற்க வேண்டியிருப்பதுதான் என்னை உறுத்துகிறது.

அந்த நிழல் மரங்களைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். காற்றிலிருந்து கரிமத்தை இழுத்துத் தண்டிலும் வேரிலும் மண்ணிலும் வைத்திருப்பவை அவை. துரு வந்த ஆண்டும் அந்த வேலை நிற்கவில்லை. காப்பி பொய்த்தது, மரம் பொய்க்கவில்லை. அதற்கு விலை கொடுக்கும் முயற்சிகள் உண்டு. வஹாகாவுக்கு அடுத்த சியாபாஸில் 1990களின் பிற்பாதியில் ஸ்கோலெல் தே என்ற திட்டத்தின் கீழ் பழங்குடி விவசாயிகள் நட்ட மரங்கள் சேமித்த கரிமத்தைக் கார்ப்பந்தயங்களை நடத்தும் சர்வதேச அமைப்பு வாங்கியது. புகையை நிறுத்தாமல் மரத்தை வாடகைக்கு எடுக்கும் அந்த வழியை நான் பரிந்துரைக்கவில்லை. மரத்துக்கும் ஒரு விலை உண்டு என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள், அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

புவி வெப்பமடைவதில் வஹாகா மலைக் குடும்பத்தின் பங்கு கணக்கில் எடுக்க முடியாத அளவு சிறியது. அரபிகாவுக்கு ஏற்ற நிலம் 2050க்குள் பாதியாகக் குறையலாம் என்று ஆய்வுகள் கணிக்கின்றன. அந்தப் பாதியில் இருப்பவர்களிடம் நாம் இதுவரை சொல்லியிருப்பது, உங்கள் பொருளுக்கு நியாய விலை தருகிறோம் என்பது மட்டுமே. அது வணிகத்தின் கடனைத் தீர்க்கும். புகையின் கடன் அப்படியே இருக்கிறது. காப்பியை வாங்கும் நாடுகளும் நிறுவனங்களும் விளையாத ஆண்டுக்கும், மாற்றி நட வேண்டிய செடிக்கும், நின்றுகொண்டிருக்கும் மரத்துக்கும் பணம் கட்ட வேண்டும். பவுண்டோடு அதை முடிச்சுப் போடக் கூடாது. நன்கொடை என்று பெயர் வைக்கவும் கூடாது. வஹாகா விவசாயிகள் அன்றே மறுத்த சொல் அது.

முத்திரை போட்ட பொட்டலத்தை வாங்குகிறவர்கள் தொடர்ந்து வாங்குங்கள். அது இல்லாத நிலை இதைவிட மோசம் என்பதை 2001 காட்டிவிட்டது. வாங்கும்போது கடைக்காரரிடமும் நிறுவனத்திடமும் கூடவே ஒன்றைக் கேளுங்கள்: துரு வந்த ஆண்டு இந்த விவசாயிக்கு என்ன கொடுத்தீர்கள்?

துரு தின்ற தோட்டத்தில் கிழட்டுச் செடியைப் பிடுங்கிவிட்டு நடும் நாற்று, முதல் பழம் தர மூன்று ஆண்டு ஆகும், முழு விளைச்சலுக்கு இன்னும் இரண்டு. அந்த ஆண்டுகளில் குழி வெட்டும் கூலி உண்டு, எரு உண்டு, களையெடுப்பு உண்டு, சான்றுக் கட்டணமும் உண்டு. எடை போட ஒரு பவுண்டு காப்பி இராது.